குப்புறக் கிடந்த நினைவுக்கல்

கணவன் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான். அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலையாம். சுற்றுலாவுக்குப் பதிவு செய்த அறைகளை வீணாக்க மனமில்லாமல், புதுமணப்பெண்ணான கிரேன்காரி நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதால் புகுந்த வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். நாத்தனார் பள்ளியில் வரலாறு நடத்துபவள்.

நாத்தனாருக்குச் சாலையோரத்தில் ஒரு கல் நின்றால் போதும், வண்டியும் நின்றாக வேண்டும். பழைய சுங்கச்சாவடி, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய தொட்டி, போரில் மாண்டவர்களின் தூண் என்று இறங்கி இறங்கிப் பார்த்தாள். கிரேன்காரி ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தால் சரி என்றிருந்தது அவளுக்கு.

ஆற்றுப்பாலம் வந்தது.

"இங்க ஒரு கல் இருக்கணும் அண்ணி. பாலம் கட்டறப்ப செத்துப்போனவங்களுக்கு வச்சது."

மேடை இருந்தது, கல் இல்லை. ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளியதில் பக்கத்துப் பள்ளத்தில் குப்புறக் கிடந்தது, ஆளுயரக் கருங்கல். நாத்தனார் உள்ளூர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"அது விழுந்து ரொம்ப நாளாச்சுங்க," என்றார் அதிகாரி. "தூக்க எங்ககிட்ட வண்டி இல்ல. யாராவது தூக்கி வச்சா எங்களுக்குச் சந்தோஷம்தான்."

நாத்தனாரின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்ததும் கிரேன்காரி இறங்கினாள். கல்லைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். விரிசல் இல்லை.

"ஒரு டன்கூட தேறாது. அந்தச் சாப்பாட்டுக் கடையில ஒரு லாரி நிக்குது பாரு, முதுகுல சின்ன கிரேனோட. வா."

விஷயத்தைக் கேட்ட லாரி டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். "ஆபரேட்டர் லீவும்மா. எனக்கு லாரி மட்டும்தான் ஓட்டத் தெரியும்."

"லாரிய நீங்க கொண்டாங்க. கிரேன நான் பாத்துக்கறேன். முதலாளி நம்பர் குடுங்க."

முதலாளி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. லைசன்ஸைப் படம் பிடித்து அனுப்பியதும் அவர் சம்மதித்தார்.

லாரியின் பக்கக் கால்களை இறக்கி, கல்லுக்கு அடியில் பெல்ட்டைக் கோத்து, கொக்கியை மாட்டினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். லீவரில் கை வைத்ததும் அவளுக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கல் சேற்றை விட்டுச் சத்தமில்லாமல் எழுந்தது.

"முகம் எந்தப் பக்கம்?"

"ஆத்தப் பாத்து அண்ணி," என்று நாத்தனார் தயங்காமல் கை காட்டினாள்.

மேடைக் குழியில் கல் கச்சிதமாக உட்கார்ந்தது. டிரைவர் சுற்றிலும் சில்லுக்கற்களை இறுக்கி, திரும்பி வரும்போது சிமெண்ட் பூசிவிடுவதாகச் சொன்னார்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிச் சேற்றைக் கழுவினார்கள். வரிவரியாகப் பெயர்கள் வெளியே வந்தன.

"பொம்பளைங்க பேரும் இருக்கே," என்றாள் கிரேன்காரி. குனிந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு பெயரின் கடைசி எழுத்து மட்டும் உடைந்திருந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. நாத்தனார் அதை இரண்டு விதமாகவும் படித்தாள்.