ஒருத்தர் பாடினால் பாட்டு

மகள் அந்தச் சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தபோது அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சட்டை எடுத்து வருவாள் என்று நினைத்திருந்தாள். பெட்டிக்குள் காது கேட்கும் கருவி ஒன்று இருந்தது. தோல் நிறம், கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. தையல் கம்பெனியில் நாள் முழுக்க நூல் பிசிறு வெட்டுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் பொத்தான் அளவுதான் முதலில் தோன்றும்.

கணவர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தகர மூடி அடிக்கும் பிரஸ் முன்னால் பாதி ஆயுள் நின்று காதைத் தொலைத்தவர். பக்கத்தில் வந்து கத்தினால்தான் ஏதோ கேட்கும். மகள் சத்தம் கூட்டும் திருகைச் சுற்றினாள். அவர் மெல்ல அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

“இது இத்தனை நாளா இப்படியா முக்கிட்டுக் கெடந்துச்சு?”

சமையலறைக்குப் போன மனைவியின் கையிலிருந்து தட்டு விழுந்ததும் திரும்பிச் சிரித்தார். “நீ இவ்ளோ சத்தமா பாத்திரம் கழுவுறவளா? நல்லவேளை, இவ்வளவு காலம் தப்பிச்சேன்.”

மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். கழற்றும்போது மறக்காமல் நிறுத்த வேண்டும். ஓடும்போது கைக்குள் மூடி வைத்தால் விசிலடிக்கும். அவர் குழந்தை மாதிரி தலையாட்டினார். மனைவியும் சிரித்தாள். ஆனால் கண் கடிகாரத்துக்குப் போனது. மணி ஏழாகப் போகிறது. ஏழு மணிக்கு ஜெபம்.

ஜெபப் பாட்டுச் சத்தத்துக்காக ஏற்கெனவே இரண்டு வீடு காலி செய்தாயிற்று. இந்த மூன்றாவது வீட்டில் கீழ்த்தளத்தில் ஓனர். குடிவந்த மறுமாதமே, கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து மேலே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. அக்கம்பக்கம் எல்லாரும் பேசுகிறார்கள், உங்கள் சாமியை நீங்கள் கும்பிடுங்கள், எங்கள் காதுக்குள் ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். “அவருக்குக் காது கேக்காது, தெரியாம கத்துறாருன்னு நான் சமாளிச்சுக்கறேன். ஒருத்தர் பாடினா அது பாட்டும்மா. மூணு பேர் பாடினா கூட்டம்.”

கணவரிடம் சொன்னால் மறுநாளே சாமான் கட்டுவார். எதிர்ப்பு வந்தால் அவருக்கு ஒரு தெம்பு வரும். சாமான் கட்டுவதும், புது வீடு தேடுவதும், போகிற இடத்தில் எல்லாம் மற்றவர்கள் முகம் சுளிப்பதைப் பார்ப்பதும் அவள்தான். அன்று ஏழு மணிக்கு அவள் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தாள். அவர் உதடுகளைப் பார்த்துத்தான் வரி பிடித்துப் பாடுவார். அதனால் ஒவ்வொரு சொல்லையும் சரியாக அசைக்க வேண்டியிருந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் அதைக் கண்டுபிடித்து, தானும் அப்படியே செய்தாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. கொஞ்ச காலத்தில் விளையாட்டு போய்விட்டது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் தொடையில் தாளம் தட்டி இருவரையும் பார்த்து மகிழ்ந்து பாடுவார். ஊரே எதிர்த்தாலும் என் வீடு என்னோடு பாடுகிறது என்று சபையில் எழுந்து சாட்சி சொல்வார். அப்போது அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏண்டி இப்படிப் பண்ணுன?” இப்போது சமையலறையில் மகளிடம் கேட்டாள்.

“காது வாங்கிக் குடுத்தது தப்பா?”

“உனக்குத் தெரியாதா?”

“பாடேம்மா. குரல் இருக்கில்ல உனக்கு.” மகள் தட்டைத் துடைத்து வைத்தாள். “எனக்கு நம்பிக்கை இல்ல. அதை எத்தனை நாள் வாயசைச்சு மறைக்கறது? உனக்கு இருக்கா இல்லையான்னு நீயே பாத்துக்க.”

இன்று வேண்டாம், களைப்பாக இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் வேண்டும், உங்கள் இருவர் குரலையும் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். கட்டில் ஓரத்தில் அவர், எதிரே பாயில் அவர்கள் இருவரும். பாட்டைத் தொடங்கியவர் தன் குரலைக் கேட்டே திடுக்கிட்டார். இது தன்னுடையதா என்பது போல நிறுத்தி, இறக்கி, மறுபடி தொடங்கினார். அவள் பாடத்தான் நினைத்தாள். வாய் திறந்தது. உதடுகள் பழகிய வழியில் ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை. மகள் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கீழ்வீட்டு டிவி தெளிவாகக் கேட்டது.

இரண்டாவது அடியில் அவர் நிறுத்தினார். கருவியைக் கழற்றி ஊதினார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னும் நான்கு வரி பாடினார்.

“மிஷின்ல ஏதோ கோளாறு போல.”

“மிஷின் நல்லாத்தான் இருக்குப்பா,” என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள். அது அவருக்குக் கேட்டது.

அவர் மகளின் வாயைப் பார்த்தார். பிறகு மனைவியின் வாயைப் பார்த்தார். பாட்டைக் கடைசி வரிவரை தனியாகப் பாடி முடித்தார். வழக்கமாக ஜெபத்தில் ஓனர், அவர் வீட்டார், பிரஸ் ஷாப் ஆட்கள் என்று எல்லாரையும் ஆண்டவரிடம் ஒப்படைப்பார், சோறு ஆறிப்போகும். அன்று ஆமென் மட்டும் சொன்னார்.

மறுநாள் கருவியோடு வேலைக்குப் போனார். மெஷின் ஓடும்போது கழற்றிப் பையில் வைத்துக்கொள்வதாகவும், சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். மகள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. மனைவி வைத்த டீயில் ஆடை கட்டியது.

“சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடுவேன்ல,” என்றார். “நான் ஆமென் சொன்னதும் பயலுக எல்லாம் ஸ்பூனால டப்பாவைத் தட்டுவானுங்க. என்னோட சேந்து சந்தோஷப்படுறானுங்கன்னு தலையாட்டுவேன். என்ன கேலி பேசிக்கிட்டே தட்டுறானுங்கன்னு இன்னைக்குத்தான் கேட்டேன்.”

அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

“அதை விடு. உலகம் அப்படித்தான். நீ எப்போல இருந்து வாயசைக்கிற?”

“இந்த வீட்டுக்கு வந்த மறுமாசம்.” ஓனர் வந்ததைச் சொன்னாள். சாமான் கட்டியே கை ஓய்ந்துவிட்டது என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கத்த வேண்டிய தேவை இல்லாததால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

“ஆண்டவர்கிட்டயும் இப்படித்தானா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை.   அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் அவருக்குக் கேட்கும் என்பது நினைவு வர, மூடினாள்.

ஏழு மணிக்கு அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவளைக் கூப்பிடவில்லை. அவளாக வந்து பாயில் உட்கார்ந்தாள். அவர் கருவியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிட்டதால் மிகத் தாழ்வாகத் தொடங்கினார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பாடி அவள் கேட்டதில்லை. தொடையில் தாளம் இல்லை.

அவள் வாய் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று ஒரு சத்தம். துருப்பிடித்த கீல் போல, சுருதி எங்கேயோ கிடந்தது. நிறுத்தினால் இனி எப்போதும் வராது என்று பட்டது. பாடினாள். சொற்கள் எல்லாம் இருந்தன. உதடுகள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தன. கதவு திறந்தது, மகள் தோள்பையோடு நிலையருகே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

கீழ்வீட்டிலிருந்து தங்கள் கூரையைக் கம்பால் இடித்தார்கள். ஒருமுறை, மறுமுறை. தரை அதிர்ந்ததில் அவர் கண்ணைத் திறந்தார். பாடுவதை நிறுத்தினார். கருவி இல்லாத காதில் எதுவும் விழவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் உதடுகள் எப்போதும் போல ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாக அசைந்துகொண்டிருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் இன்னும் உரக்கப் பாடினாள். அவருடைய மூடிய கைக்குள் நிறுத்த மறந்த அந்தக் கருவி மெல்லிசாக விசிலடித்துக்கொண்டிருந்தது.