நாளைக்கு உங்கள் முறை

திருப்பதிப் பயிற்சிக் கூடத்தில் கைதட்டல் அடங்குவதற்குள் கேசியாவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பாடத்தை விளையாட்டாக நடத்துவது எப்படி என்று சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு. யாராவது செய்து பார்த்ததுண்டா என்று கேட்டதும் அவளே எழுந்து, தன் பத்தாம் வகுப்புக்கு இலங்கை உள்நாட்டுப் போரை நடத்திய விதத்தை நல்ல தெலுங்கில் சொல்லிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். முகம் கொள்ளாத பெருமை. அந்தப் பெருமையோடேயே வராந்தாவுக்குப் போய் போனை எடுத்தாள். சித்தூரிலிருந்து தலைமையாசிரியர் தனராஜ்.

"பசங்களுக்கு இன்னாம்மா சொல்லிக் குடுத்துட்டுப் போனே? ஸ்டான்லி அந்த வேங்கடேஷைப் படியில புடிச்சித் தள்ளிட்டான். புருவத்துல தையல். அவங்கம்மா வந்து உக்காந்துக்கினு இருக்குது, எழுந்திருக்க மாட்டேன்னுது. நீ மொதல்ல கிளம்பி வா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவளால் நம்ப முடியவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காரும் பையன்கள். ஒருவனைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள்.

அந்த வகுப்பே ஒரு கதம்பம்தான். தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துபோக, தெலுங்குப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்துவிட்டார்கள். புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் தெலுங்கு, அதட்டல் தமிழ். பிள்ளைகளும் ஒரு வாக்கியத்தை இதில் ஆரம்பித்து அதில் முடிப்பார்கள். பக்கத்துத் தீவில் ஒரு மொழி மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததையும், அது பின்னால் எத்தனை உயிர்களைத் தின்ற போராக முடிந்தது என்பதையும் அவள் திங்கட்கிழமை சொன்னபோது பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. மறுநாள் வகுப்பறைத் தரையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். மின்விசிறி இருக்கும் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெயில் அடிக்கும் ஜன்னல் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள். தெலுங்கில் சொன்னால்தான் அது பதில். தமிழில் வாயைத் திறந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

வேங்கடேஷ் மட்டும் இடம் தெரியாமல் நின்றான். "எங்க வூட்ல ரெண்டும் மிஸ்."

"இன்னிக்கு ஒண்ணுதாண்டா. எதுன்னு நீயே சொல்லு," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவன் ஸ்டான்லியை ஒருமுறை பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போனான். வகுப்பு முடிந்ததும் வியர்த்துப்போயிருந்த தமிழ்ப் பிள்ளைகளிடம், நாளைக்கு உங்கள் முறை என்றாள். சாயங்காலம் திருப்பதிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நாளை என்று சொன்னது மறந்தே போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. கிறிஸ்தவ மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்த அவள் வாயிலும் இப்போது பஸ்ஸில் அந்தப் பழமொழிதான் வந்தது.

தலைமையாசிரியர் அறையில் வேங்கடேஷ் புருவத்தில் பிளாஸ்திரியோடு நின்றான். பக்கத்தில் அவன் அம்மா பத்மாவதி. பிச்சாட்டூர்த் தமிழ்ப் பெண், தெலுங்குக்காரரைக் கட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்தவள்.

"காயம் ஆறிடும் டீச்சர், அதுக்கு நான் வர்ல. ரெண்டு நாளா இவன் எங்கிட்ட தமிழ்ல பேச மாட்டேன்றான். துன்னியாடான்னு கேட்டா தெலுங்குல 'தின்னானு'ன்றான். இவங்க நைனாவே எங்கிட்ட தமிழ்லதான் பேசுவாரு. பெத்தவகிட்ட இவனுக்கு இன்னா டீச்சர் வந்துச்சி?"

கேசியா அவன் பக்கம் வந்தாள். குனிந்து அவன் தோளைத் தொட்டாள். "அது விளையாட்டுடா கண்ணா."

"தெலுசு மேடம்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. தெரியுமாம். தெலுங்குப் பிள்ளைகளைப் போல அவளை அவன் மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வகுப்புக்கு விரைந்தாள். கோடு அழியவில்லை. யாரோ அதன் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்து விரல் கனத்துக்கு ஆக்கியிருந்தார்கள். மின்விசிறிப் பக்கம் தலைவி மாதிரி ஸ்ரீஜா உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் நாலைந்து பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஆசிரியர் யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை.

"விளையாட்டு முடிஞ்சி போச்சி. அவங்கவங்க பழைய எடத்துக்குப் போங்க." இரண்டு மொழியிலும் சொன்னாள். ஒருவரும் அசையவில்லை.

ஸ்டான்லி எழுந்தான். "நாளைக்கு உங்க முறைன்னு சொன்னீங்க மிஸ்."

"சொன்னேன்."

"எங்க முறை இன்னும் வர்ல. ஒரு நாளு குடுங்க. அப்பறம் முடிச்சிக்கலாம்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பாள். அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ஸ்ரீஜா தன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேட்பது நியாயம்தான். கொடுத்தால் நாளை எந்தப் புருவம் கிழியுமோ. கொடுக்காவிட்டால் தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழச்சியான அவளே ஏமாற்றினாள் என்று ஆகும். அவளுக்குப் பயமாக இருந்தது, தன் வகுப்பைப் பார்த்தே பயமாக இருந்தது.

மேசை மேலிருந்த பாட்டில் தண்ணீரைக் கோட்டின் மேல் ஊற்றினாள். மண்டியிட்டு டஸ்டரால் சுவரிலிருந்து சுவர் வரை துடைத்தாள். தரை கறுத்துப் பளபளத்தது. கோடு போய்விட்டது.

வாசலில் வேங்கடேஷ் பையோடு நின்றான். வராந்தாவில் அவன் அம்மா.

"உள்ள வந்து உக்காருடா," என்றாள் கேசியா, மண்டியிட்டபடியே.

அவன் இரண்டு அடி உள்ளே வந்து நின்றான். ஸ்டான்லியின் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. மின்விசிறிக்குக் கீழேயும் ஓர் இடம் காலியாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஈரம் மெல்லக் காய, அவன் கால்களுக்கு நடுவே அந்தக் கோடு மறுபடியும் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது.