சிவப்பு அம்பு குத்திய ஊர் வரலாறு

சாமியப்பன் ஐயா எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் தலைவர். நூலகரான என்னைவிட அதிக நேரம் நூலகத்தில் இருப்பார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரின் வரலாற்றை எழுதி, சொந்தச் செலவில் இருநூறு பிரதி அடித்து, போகிற கல்யாணத்துக்கெல்லாம் மொய்க்குப் பதில் அதையே கொடுத்துத் தீர்த்தவர். அவர் வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது நூலகப் பிரதி ஒன்றுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்துக்கு வெள்ளி விழா. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் விழாவுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டு மறுபதிப்புப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஐயாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

வியாழக்கிழமை காலை, அந்தப் பிரதியை ராக்கம்மாள் திருப்பிக் கொண்டுவந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவர் தொழில். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து பதினெட்டு வருடமாகிறது, இருக்கிற ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாமே என்று எடுத்துப் போனவர்.

திறந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று அம்பு. என் நேரம், ஐயா பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங் அம்மணி, இதென்னுங்க, பொஸ்தகத்துக்கு அம்மை போட்ட மாதிரி?"

"டேமேஜ் இருக்கிற எடத்துல ஒட்டியிருக்கேன் சார்," என்றார் ராக்கம்மாள், ரொம்ப மரியாதையாக. "பன்னெண்டாம் பக்கத்துல ஊர்க்கெணறு எண்பதடி. நாப்பதாம் பக்கத்துல அதே கெணறு அறுபதடி. எங்க கம்பெனில அரை இஞ்ச் கூடுனாலே ரிஜெக்ட்."

"அது அச்சுப் பிழைங்க."

"சரி சார். நல்லான்னு ஒருத்தர் இருபத்தொண்ணாம் பக்கத்துல செத்துப் போறாரு. நாப்பத்துநாலாம் பக்கத்துல வந்து இந்த லைப்ரரியத் தெறந்து வைக்காரு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருவத்தஞ்சு வருசமா எத்தனை பேரு படிச்சிருக்காங்க! ஒருத்தராச்சும் ஒரு குத்தம் சொல்லியிருப்பாங்களா? அனுசுயா மேடத்தையே கேளுங்க. அந்தக் கெணத்து அத்தியாயத்தப் படிச்சுப்போட்டு அழுதேன்னு போன வருசம் மேடையிலயே சொன்னாங்க."

நான் மேஜையில் இல்லாத பேனாவைத் தேடினேன்.

"எப்படிப் படிச்சீக மேடம்?" என்றார் ராக்கம்மாள் என்னிடம். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் கொடுமை. "அந்த அத்தியாயம் இருக்கிற முப்பத்துமூணுலருந்து நாப்பத்தெட்டு வரைக்கும் தாளு ஒட்டிக்கிட்டுல்ல இருந்துச்சு. நாந்தான் நூலு வெட்டுற ட்ரிம்மரால வெட்டித் தெறந்தேன்."

ஐயா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்டுப்போன பதினாறு பக்கங்கள். பழுத்த தாளில் அந்த ஓரம் மட்டும் புதிதாக, வெள்ளையாக இருந்தது. பிறகு பின்னட்டையைத் திருப்பித் தேதிச் சீட்டைப் பார்த்தார். ஒரே ஒரு முத்திரை. அது ராக்கம்மாளுக்குப் போட்டது.

பொருளடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேடையேறியவள் நான். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார்.

கடைசியில் ராக்கம்மாளிடம் கேட்டார். "அம்பு குத்தாத எடமெல்லாம் எப்பிடிங்க இருக்குது?"

"அதெல்லாம் பாஸ் சார். கெணறு வெட்டயில தண்ணி வந்ததும், பொம்பளையாளுக சேத்தோட அள்ளிக் குடிச்சாகன்னு எழுதியிருக்கீகல்ல, அத ரெண்டு தடவ படிச்சேன். அந்தப் பக்கத்துலயும் ஒரு தப்பு இருக்கு. ஒட்ட மனசு வரல, விட்டுட்டேன்."

ஐயா துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம நீங்கதானுங்க மேடையில பேசோணும். அம்பு அப்படியே இருக்கட்டும். மொதலாளி அதையும் பாத்துப்போட்டே மறுபதிப்புப் போடட்டும்."

அப்புறம் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், முத்திரைய எடுங்க."

"யாருக்குங்கய்யா?"

"உங்களுக்குத்தானுங்க. பதினாறே பக்கம். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒருக்கா நெசமாலுமே அழுதுபோட்டு வாங்க."

இரண்டாவது முத்திரையை என் பெயருக்கு நானே குத்திக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற நல்லூர் பஸ்ஸில், நாற்பத்தோராம் பக்கத்தில் தண்ணீர் வருகிற இடத்தில், எல்லோரும் பார்க்க அழுதேன். அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.