அத்தை மகள் வீட்டுச் சீனி

நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, சோதனைக்குழாயின் அடியில் செங்கல் நிறம் இறங்குகிறது, புறவாசலில் ஸ்பிரிட் விளக்கின்மேல் இடுக்கியில் பிடித்திருக்கிறேன், சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் கரைசலில் என் கணவரின் சிறுநீர் சில சொட்டு, இனி சீனியைத் தொட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் சீனி வாங்குவதையே நிறுத்திவிட்டேன், பிறகு இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் வயிறு எரிகிறது, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள் செண்பகவடிவு, இவருடைய அத்தை மகள், இவருக்கென்றே பேசி வைத்திருந்தவள், நான் வந்ததால் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது தனியாளாகத் திரும்பி வந்திருப்பவள், நேத்து சாயங்காலம் எங்க போயிருந்திய என்று கேட்கிறேன், எங்கயும் போகலியே என்கிறார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அன்றைக்கும் அதே பாடம், குளுக்கோஸ் ஒடுக்கும் சர்க்கரை, இதே கரைசலில் சூடு பட்டதும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும், சீனி ஒடுக்காத சர்க்கரை, சும்மா சூடாக்கினால் நீலமாகவே நிற்கும், அமிலம் விட்டுக் காய்ச்சி உடைத்து, சோடா உப்பால் அந்த அமிலத்தை அடக்கி, அப்புறம் கேட்டால்தான் வாயைத் திறக்கும், ரெண்டும் இனிப்புதான டீச்சர், சீனி மட்டும் ஏன் ஒளிச்சு வைக்கி என்று ஒருத்தி கேட்கிறாள், அதுக்குள்ள குளுக்கோசும் இன்னொரு சர்க்கரையுமா ரெண்டு பேர் கையக் கோத்துக்கிட்டு நிக்காங்க, விலக்கினாத்தான் தெரியும் என்கிறேன், சொல்லும்போதே கரும்பலகையில் இவரும் அவளும் நிற்கிறார்கள், அழிப்பானால் அழுத்தித் தேய்க்கிறேன், போகவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நானே அமிலமானேன், வெக்கங்கெட்டுப்போய் அவ வாசல்ல நிக்கியளே என்றேன், அழுதேன், சோற்றுத் தட்டைத் தள்ளினேன், கடைசியில் உடைந்தார், ஆமா போனேன், நீ விடிஞ்சதும் குழாய நீட்டுத, அவ எப்பிடி இருக்கிய அத்தான்னு கேட்டு ஒரு காப்பி தாரா, அதுக்குத்தான் போறேன் என்றார், சீனியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்த அத்தானை என்னால் பொறுக்க முடியவில்லை, இரவெல்லாம் அவள் குரலில் அது கேட்டுக்கொண்டே இருந்தது, தூக்கமா விழிப்பா தெரியவில்லை, விடிந்ததும் கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்தேன், காப்பியில் நானே போட்டுக் கலக்கினேன், ஒரு வாய் குடித்தவர் நெடுநாளைக்குப் பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், இன்னைக்குத்தான் காப்பி காப்பியா இருக்கு என்றார், அவ காப்பிய விடவா என்று கேட்டேன், யோசித்தார், அது இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கும் என்றார், டம்ளரை வாங்கி இன்னொரு கரண்டி போட்டேன்.