பதினான்கு ஆள் எடை

பன்னிரண்டரைக்கு மதிய இடைவேளை விட்டதும், யார்டில் பதினான்கு பேர் தண்ணீர்க் குழாயடியில் நின்று கால் கழுவினார்கள். தொழுகைக்கு அல்ல, சாப்பாட்டுக்கும் அல்ல. புதிதாகச் செய்து முடித்த கேரவனுக்குள் ஏறி உட்காருவதற்கு. வளைகுடா நாட்டு ஜூலை மாதத்துக் குழாய்த் தண்ணீர் கொதித்தது. ஆனாலும் ஒருவன் காலை எடுப்பதற்குள் அடுத்தவன் "நகருய்யா, நேரமாவுது" என்று இடித்துக்கொண்டிருந்தான். கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவர்களின் அவசரம் எல்லார் முகத்திலும் இருந்தது.

விஜயபாஸ்கர் அவர்களை, கேரவனை இழுக்கும் பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அந்த யார்டில் பிரேக் வேலை அவனுடையது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடுகளைத்தான் அங்கே செய்தார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை, ஏசி எல்லாம் உண்டு. நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே உள்ள பல்சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்ப வேண்டும். சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுகும் வரை திருப்பிவிட்டு, பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். அதன் பின் பாரம் ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் பாலைவனத்தைத் தாண்டி, இந்த மாதங்களில் மழை பெய்யும் சலாலாவுக்குக் குடும்பத்தோடு போகிறார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வழியில் மலை இறக்கம். சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் ஏறும்.

அந்த ஒரு டன்னுக்குத்தான் பதினான்கு ஆள். மணல் மூட்டை ஏற்றினால் கார்ப்பெட் பாழாகும், இரும்பு ஏற்றினால் தரையில் கீறல் விழும். யார்டு பொறுப்பாளர் உஸைர் பாய் மூன்று வருடத்துக்கு முன் கண்டுபிடித்த வழி இது. ஆட்கள் தானாக ஏறுவார்கள், தானாக இறங்குவார்கள். ஓடும்போதே ஏசியையும் சோதித்துவிடலாம். மதிய வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றால், "உக்கார்றது வேலையா?" என்பார். இழுத்துப்போகும் கேரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. அதற்குத்தான் ஜன்னல் திரைகளையெல்லாம் இறக்கிவிடச் சொல்வார்.

ஆட்களுக்கோ அது வாரத்தில் ஒருநாள் வாய்க்கும் சொர்க்கம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில், பதினெட்டு டிகிரி குளிரில், இருபது நிமிடம். யார் ஏறுவது என்பதற்கு முறை வைத்திருந்தார்கள். முறை தவறினால் அன்று இரவு, அவர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பில் சண்டை நடக்கும்.

இன்று அருள்முருகனின் முறை. விஜயபாஸ்கரின் மனைவி சங்கீதாவுக்குத் தம்பி. பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அவனை விசா எடுத்துக் கூட்டிவந்ததே விஜயபாஸ்கர்தான். மே மாதக் கடைசியில் வந்து இறங்கியவன், முதல் வாரமே "என்னை அனுப்பிரு மாமா" என்று அழுதான். ஊரில் மாமியார் பூவாயி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சங்கீதா சொல்லியிருந்தாள். போன தடவை கேரவனில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் அந்த வீட்டில் பேச்சு மாறியது.

கழுவிய காலில் மண் ஒட்டாமல் அட்டைமேல் நின்றபடி அவன் கத்தினான். "மாமா, சீக்கிரம்! ஒரு மணி ஆவப்போவுது."

சக்கரத்தை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் புது பிரேக் ஷூ டிரம்மோடு பழக வேண்டும். காலி வண்டியை ஓட்டி, பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, முப்பது தடவையாவது தேய்க்க வேண்டும். அதுவரை பிரேக் இருக்கிற மாதிரிதான் தெரியும், பாரத்துக்குத் தாங்காது. விஜயபாஸ்கர் அன்று காலை பன்னிரண்டு தடவை தேய்த்திருந்தான். மீதிக்கு இன்னும் அரைமணி ஆகும். அதற்குள் பாதி இடைவேளை ஓடிவிடும், பையன்கள் ஏங்கிப் போவார்கள். உஸைர் பாய் அவசரப்படுத்தவில்லை. மச்சினன் காலைக் கழுவிக்கொண்டு நிற்கிறானே என்று இவனாகத்தான் போதும் என்று முடிவு செய்தான்.

யார்டிலிருந்து போகும் ரோடு ஒரு கிலோமீட்டர் நேராக ஓடி, லாரிகள் போகிற பெரிய ரோட்டில் முட்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது டாஷ்போர்டில் இருந்த சின்னப் பெட்டியின் பிடியை நகர்த்தினான். அதை நகர்த்தினால் பிக்கப்பைத் தொடாமல் கேரவனின் பிரேக் மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. கடைசி வரை நகர்த்தினான். லேசாக உரசுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். காலால் பிக்கப்பின் பிரேக்கை மிதித்தான். பின்னால் இருந்த நாலு டன் அவனைத் தள்ளியது. முன் கண்ணாடியில் பெரிய ரோடு வந்துகொண்டே இருந்தது. இடது பக்கத்திலிருந்து தண்ணீர் டேங்கர் ஒன்று வருவதைப் பார்த்தான். பிரேக்கின் மேல் ஏறி நின்றுவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பிக்கப்பின் மூக்கு ரோட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே போய் நின்றது. டேங்கர் நீளமாக ஹாரன் அடித்தபடி அந்த ஒரு முழத்தை விட்டு விலகிப் போனது. அது கிளப்பிய காற்றில் பக்கக் கண்ணாடி மடங்கிக்கொண்டது.

அவன் ஹேண்ட்பிரேக்கைப் போட்டான். இறங்கிப்போய்க் கேரவன் கதவைத் திறந்தான். உள்ளே ஒருவன்மேல் ஒருவன் சரிந்து கிடந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரைகள் மூடியிருந்தன. யாரும் எதையும் பார்க்கவில்லை. அருள்முருகனின் உதடு மேஜை விளிம்பில் பட்டுக் கிழிந்திருந்தது. அவனும் சிரித்தான்.

"என்னா மாமா, ஆட்டுக்கெடாயா ஏத்திட்டு வர்ற?"

விஜயபாஸ்கர் கதவைச் சாத்தினான். திரும்பும்போது வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினான்.

உஸைர் பாய் நடந்ததைக் கேட்டு முகம் சுருங்கினார். கெட்ட மனிதர் அல்ல. "அல்லா காப்பாத்துனான்," என்றார். பிறகு மணியைப் பார்த்துக்கொண்டு, "சரி, ஷூவை நல்லா தேய்ச்சு, டைட் பண்ணி, இன்னொரு ரவுண்டு போய்ட்டு வந்திரு. அஞ்சு மணிக்கு வண்டி வாங்குற அர்பாப் வந்துருவாரு" என்றார்.

முப்பது தடவைக்கு மேலேயே தேய்த்தான். எண்ணவில்லை, டிரம் சூடேறி வாடை வரும் வரை காலி வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். பிறகு ஜாக்கி வைத்து, தரையில் அட்டை விரித்துப் படுத்து, நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து திருப்பினான். மூன்றாவது சக்கரத்தில் இருந்தபோது போனில் சங்கீதாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தம்பி போட்டோ அனுப்பியிருக்கான் பாத்தீங்களா? சோபாவுல சாஞ்சுக்கிட்டு தொரை மாதிரி இருக்கான். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டுது. நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கு ஒரு கவலையும் இல்ல." அவன் அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்து உரசலைக் கேட்டான். கண்ணில் வேர்வை இறங்கியது. வேர்வை மட்டும்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

எழுந்து பார்த்தபோது பதினான்கு பேரும் மறுபடி கால் கழுவிவிட்டு வந்து நின்றார்கள். ஒரே நாளில் இரண்டு ரவுண்டு! அருள்முருகன் வீங்கிய உதட்டோடு முதல் ஆளாக நின்றான். விஜயபாஸ்கர் கேரவனைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"யாரும் ஏற வேணாம்."

முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். அவன் நகராமல் கதவை மறித்து நின்ற பிறகுதான் புரிந்தது. பழனிச்சாமி முன்னால் வந்தார். யார்டில் மூத்த வெல்டர், கரூர்க்காரர், பதினேழு வருடமாக இங்கே இருக்கிறவர். விஜயபாஸ்கரும் அவரும் ஒரே ரூம்.

"ஏந்தம்பி, என்ன ஆச்சு?"

"வண்டி நிக்கல அண்ணே. டேங்கர் லாரி வந்துச்சு. ஒரு முழம். ஒரு முழம் ரோட்டுக்குள்ள போயிருச்சு அண்ணே."

"நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு. ஆனா..."

"நின்னுச்சுல்ல, அப்பறம் என்ன? தெனம் காலையில நம்மள ஏத்திட்டு வர்ற பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கான்னு எவனாச்சும் பாத்தானா? நீ பாத்தியா? அப்ப வராத பயம் இப்ப எங்கிருந்து வருது?"

விஜயபாஸ்கர் சாவி கிடந்த பையைக் கையால் பொத்திக்கொண்டான். நான் தேய்க்காமல் விட்டேன், தப்பு என்னுடையது, உங்களைக் கொன்றிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லியும்விட்டான். ஆனால் பின்னாலிருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒருவன் "இவருக்கு மட்டும் பிக்கப்புல தெனம் ஏசி" என்றான். இன்னொருவன் செருப்பை மாட்டிக்கொண்டு, நிழலைப் பார்த்து நடந்தான்.

"வாரத்துக்கு ஒருக்கா இருவது நிமிசம்," என்றார் பழனிச்சாமி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அதையும் எடுத்துப்போட்ட."

"அண்ணே, வண்டிய நிறுத்தி வச்சிட்டு உக்காருங்க. நான் பாய்கிட்டக் கேக்குறேன்."

உஸைர் பாய் ஆபீஸ் கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். "சும்மா உக்கார வைக்க முடியாதுப்பா. நாளைக்கு ஓனர் கேட்டா நான் என்ன சொல்றது? டெஸ்ட்டுன்னாதான் ஆளு ஏத்தலாம்." பிறகு குரலை இறக்கி, "ஆளு வேணாம்னா எடைக்கு என்ன பண்ணப் போற?" என்றார்.

யார்டின் கடைசியில், கேரவனின் அடிச்சட்டத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய இரும்புத் துண்டுகள் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றும் இருபத்துநாலு, இருபத்தைந்து கிலோ. ஓர் ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்குப் போட்டான். நாற்பத்திரண்டு. மூன்று மணி வரை வெயிலில் வேறு யாரையும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள். முதல் துண்டைத் தூக்கியபோது கையுறையைத் தாண்டிச் சுட்டது. கீழே போட்டுவிட்டு, கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி தூக்கினான். தள்ளுவண்டியில் ஆறு ஆறாக வைத்து இழுத்து வந்து, கதவு வழியே ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனான். கார்ப்பெட்டில் மூன்று அடுக்கு அட்டை போட்டு, எங்கெங்கே ஆள் உட்காருவார்களோ அங்கங்கே சோபாவின் காலோடு சேர்த்து மூன்று மூன்றாக அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினான். இது பழனிச்சாமி அண்ணன், இது அந்த பெயிண்டர் பையன் என்று மனசு தானாகச் சொல்லிக்கொண்டது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

ஷெட் நிழலில் அவர்கள் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தார்கள். முகத்தின்மேல் துண்டைப் போட்டிருந்தார்கள். யார் தூங்குகிறார், யார் தன்னைப் பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது நடைக்குத் திரும்பியபோது, அருள்முருகன் இரும்புக் குவியல் அருகே நின்றான். தலையில் துண்டு கட்டியிருந்தான். இரும்பைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். இரண்டு பேருமாக இழுத்தார்கள். கேரவன் வாசலில் நின்று அவன் எடுத்துக் கொடுக்க, விஜயபாஸ்கர் உள்ளேயிருந்து வாங்கினான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சோதனைப் பட்டியலில் அதுவும் ஒரு வரி.

"உள்ள வாடா மாப்ள. ரெண்டு நிமிசம் உக்காந்துட்டுப் போ."

"வேணாம் மாமா."

"ஏன்டா?"

"அவுங்கள்லாம் அங்க படுத்திருக்காங்க," என்றான் அருள்முருகன். கடைசித் துண்டைக் கொடுத்துவிட்டு, வாசல் குளிரில் ஒரு நொடிகூட நிற்காமல் ஷெட்டைப் பார்த்து நடந்தான். வெயிலில் அவன் முதுகுச் சட்டை ஒட்டிக்கிடந்தது. அடித்திருந்தால்கூட விஜயபாஸ்கருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று மணிக்கு வண்டியை எடுத்தான். அதே நேர் ரோடு. நாற்பதில் வந்தபோது பிடியை நகர்த்தினான். சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி கேரவன் பின்னாலிருந்து பிடித்தது. விட்டான், மறுபடி பிடித்தான். வலமும் இல்லை, இடமும் இல்லை, நூல் பிடித்த மாதிரி நின்றது. பெரிய ரோட்டுக்கு இரண்டு வண்டி நீளம் முன்பாகவே அடங்கி நின்றுவிட்டது. டேங்கர் எதுவும் வரவில்லை. ரோடு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. இந்த ரவுண்டில் பதினான்கு பேரும் உட்கார்ந்து வந்திருக்கலாம். ஒருவன் உதட்டிலும் கீறல் விழுந்திருக்காது. திரும்பிப் போனதும் அதைத்தான் சொல்லப் போகிறார்கள், அவர்கள் சொல்வதும் உண்மைதான். அடுத்த வாரம் அடுத்த கேரவன் வரும். அன்றைக்கும் அவர்கள் கால் கழுவிக்கொண்டு வந்து நிற்பார்கள். அன்றைக்கும் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளத் தனக்குத் தெம்பு இருக்குமா என்று நினைத்தபோது அவனுக்குப் பயமாக இருந்தது. டேங்கரைப் பார்த்தபோது வந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது.

வண்டியை ரோட்டோரத்துக்கு ஒதுக்கினான். பிறகு பாரம் சரிந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கிப்போய்க் கேரவன் கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அடித்தது. திரை இறக்கிய அரை இருட்டில், சோபாவின் காலடியில், மூன்று மூன்றாக இரும்பு கிடந்தது. ஒன்றும் நகரவில்லை. அருள்முருகன் உட்கார்ந்து வந்த மூலையில் குனிந்து, மேலே இருந்த துண்டின்மேல் வெறும் உள்ளங்கையை வைத்தான். வெயிலில் கையைச் சுட்ட இரும்பு குளிர்ந்துபோயிருந்தது.