நிலாவின் தாசில்தார்

நிலாவின் தாசில்தாராகப் பணியாற்றிய குற்றத்துக்காக ஆவுடையப்பனைச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். கையில் வார்னிஷ் வாடையோடு ஜீப்பில் ஏறினான்.

பதினொன்றுக்கெல்லாம் அவன் அக்கா செண்பகவடிவு அட்டை வகைப்பாட்டு அலுவலகத்தில் நின்றாள். அவளுக்குக் காது மடல் வரை கோபம். அவனைத் தாசில்தார் ஆக்கிய அட்டையை அச்சடித்தவள் அவள்தான்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அவளுக்கு ஒரு சின்ன அச்சுக்கடை. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வேடிக்கை அட்டை போட்டுக் கொடுப்பாள். 'சாம்பார் ஆய்வாளர்', 'மாமியார் வீட்டில் தூங்க உரிமம்', இப்படி. தம்பிக்கு முப்பத்தைந்து வயது ஆனபோது 'தாசில்தார், நிலா வட்டம்' என்று ஒன்று போட்டாள். அரசு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முயலை வைத்தாள். பின்பக்கம் எல்லா அட்டைக்கும் போடுகிற வரியைப் போட்டாள்: விளையாட்டுக்கு மட்டும். அரசு ஆவணம் அல்ல.

ரேஷன் கடையில் அட்டை கேட்டபோது ஆவுடையப்பன் பைக்குள் கைவிட்டு இதை எடுத்து நீட்டிவிட்டான். கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு மனு வீடு தேடி வந்தது. எல்லாம் நிலாவில் பட்டா மாறுதலும் தண்ணீர் வசதியும் கேட்டு. காகிதங்களில் வெள்ளைப் புழுதி ஒட்டியிருந்தது. ஆவுடையப்பன் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டான்.

கவுன்டருக்குப் பின்னால் கண்காணிப்பாளர் கோலப்பன் இருந்தார். கவுன்டர் அவள் இடுப்பு உயரம்தான். அவள் குரல் உயர்ந்தால் அதுவும் ஒரு விரல்கடை உயரும்.

"இது விளையாட்டு அட்டை சார். நான் போட்டது."

"போலி அட்டைக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"போலி அட்டைக்காரன் இருக்கறதப் பாத்து காப்பி அடிப்பான். ஏமாத்தணும்னே அடிப்பான். இது இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்லுது. பச்சப்புள்ள கூட நம்பாது. நிலாவுக்கு ஏது சார் தாசில்தார்?"

கோலப்பன் ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பணியிடம் காலின்னு போட்டிருக்கு. எழுபத்திரெண்டுல இருந்து."

"காலின்னா இல்லன்னுதான அர்த்தம்?"

"இல்லாத பதவி எப்படிம்மா காலியா இருக்கும்? இருக்கற பதவிதான் காலியா இருக்கும்."

கவுன்டர் அவள் வயிற்றுக்கு வந்தது.

"பின்பக்கத்தப் பாருங்க. என்ன எழுதியிருக்கு?"

"பாத்தேன். உங்க தம்பி முன்பக்கத்தத்தான் நீட்டியிருக்காரு. நீட்டுன பக்கம்தான் செல்லும். சரி, நீங்க யாரு?"

"அவன் கூடப் பொறந்த அக்கா."

"அட்டை?"

அவள் தன் அட்டையைக் கொடுத்தாள். வரிசையில் நின்று, விரல் ரேகை வைத்து, நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய அசல் அட்டை. கோலப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளையாட்டுக்கு மட்டும்னு எங்கயும் போடலியே."

"அது நெசமான அட்டை சார்."

"போலி அட்டையிலயும் அப்படிப் போடமாட்டான்லா. ஏமாத்தணும்னே அடிப்பான்னு நீங்களே சொன்னீங்க."

அவர் அதைப் 'போலி' என்று எழுதியிருந்த தகரப் பெட்டியில் போட்டார். பெட்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது. மேலே கிடந்த அட்டையிலிருந்து அவள் முகம் அவளைப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

செண்பகவடிவு கவுன்டரில் ஓங்கி அடித்தாள். பக்கத்து மேசைக்காரர், "ஒரு அடி" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கவுன்டர் அவள் கழுத்துக்கு வந்தது.

"எந்தம்பி எங்க?"

"ஏழாம் நம்பர் ரூம். பாத்துட்டு வாங்க."

நான்காம் அறைக்கும் ஏழாம் அறைக்கும் நடுவில் ஒரு வயல் இருந்தது. அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தாள். அறுக்கிறவர்கள் யாரும் நிமிரவில்லை.

ஏழாம் அறையில் ஆவுடையப்பன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏல, உன்னய என்னத்துக்குப் பிடிச்சிருக்காங்கன்னு தெரியுமா? இன்னும் போட்டுக்கிட்டா இருக்க?"

"இன்னும் பன்னெண்டுதான் எக்கா. பாவம், அவங்களுக்கு அங்க தண்ணியே கெடையாதாம். அம்பது வருசமா மனு குடுக்காங்க. யாராவது போட்டாத்தான ஆகும்?"

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பேனாவைப் பிடுங்கினாள்.

கோலப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் இரண்டு படிவம்.

"அட்டை போலின்னா உங்க தம்பிக்கு மூணு வருசம். அட்டை விளையாட்டுன்னு விட முடியாது, அத வச்சுப் போட்ட கையெழுத்து செல்லுபடியாயிருச்சு. தண்ணி கூடத் தெறந்து விட்டாச்சு. ஆனா ஆளே விளையாட்டுன்னா இப்பவே கூட்டிட்டுப் போலாம்."

"ஆளு எப்படி சார் விளையாட்டாவான்?"

"அக்கா எழுதிக் குடுத்தா ஆவாரு."

"என்னத்தான் போலின்னு பெட்டியில போட்டுட்டீங்களே. போலி அக்கா எழுதிக் குடுத்தா செல்லுமா?"

"விளையாட்டு விசயத்துக்குச் செல்லும்."

"நீங்கள்லாம் சோத்தத்தான் திங்கீங்களா?" என்றாள் அவள். அதை எழுதிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

ஆவுடையப்பன் மெதுவாகச் சொன்னான். "எழுதிக் குடுத்திரு எக்கா. மூணு வருசம்னா கடைய யாரு பாப்பா? ஆறு மோட்டாரு பிரிச்சுப் போட்டது அப்படியே கெடக்கு."

அவள் எழுதினாள். 'மேற்படி ஆவுடையப்பன் என்பவர் விளையாட்டுக்கானவர். உண்மை நபர் அல்ல.' பேனா மூன்று இடத்தில் தாளைக் கிழித்தது. கோலப்பன் அவன் பிடரியில் நீல மையில் ஒரு முத்திரை குத்தினார். அவன் குளிரடித்ததைப் போலத் தோளைக் குறுக்கினான்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் மினி பஸ்ஸில் ஏறினார்கள். செண்பகவடிவு இரண்டு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் ஆவுடையப்பனின் பிடரியைப் பார்த்தார். ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"ரெண்டு கேட்டேன்."

"வெளையாட்டுச் சாமானுக்கு டிக்கெட் கெடையாதும்மா. மேல வச்சிருங்க."

ஆவுடையப்பன் ஏற்கெனவே சீட்டின் மேல் ஒரு காலை வைத்து, சாமான் வைக்கிற கம்பியைப் பிடித்திருந்தான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான் ஒன்று தெறித்தது.

"உக்காருல."

"இருக்கட்டும் எக்கா, மேலயும் எடம் இருக்கு."

"உக்காருங்கேன்லா!"

அவன் உட்கார்ந்தான். அவள் கண்டக்டரிடம் கையை நீட்டினாள். "ஒரு முழு டிக்கெட். இவனுக்கு."

"எம்மா, குடுத்தா என் வேல போயிரும்."

பின்சீட்டிலிருந்து ஒருவர், "ஒரு பொம்மைக்காக இவ்வளவு பேரும் காத்துக் கெடக்கணுமா?" என்றார்.

செண்பகவடிவு திரும்பினாள். "பொம்மைன்னு சொன்னது யாரு? எந்திரிச்சு நின்னு சொல்லு."

யாரும் எழவில்லை. ஆவுடையப்பன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் வரவில்லை. கண்ணீர் நிஜமாகவே வந்தது. சட்டையில் விழுந்து வட்டம் வட்டமாகப் படிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை நனையாமல் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

செண்பகவடிவு அதைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸின் முன்னால் போய் நின்றாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஓரமாகப் போகச் சொன்னார். பிறகு கத்தினார். பிறகு கியரில் கை வைத்தார்.

அவள் பஸ் முகப்பின் சூடான தகரத்தின் மேல் இரண்டு உள்ளங்கையையும் பதித்தாள்.

"எடு பாப்போம்," என்றாள்.