தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

சர் எவரார்ட் ஹாஸ்கோம்பின் தோட்டத்தில் ஆப்பிள் பூ உதிராமல் நிற்கத் தொடங்கியது 1944 மே மாதத்தில். அதே மாதம் ஹெரிஃபர்ட் சந்தையில் பன்றிக்குட்டி விலை இறங்கியது; ஊர் முதலில் பேசியது பன்றிக்குட்டியைப் பற்றித்தான். அக்டோபரில் மற்றவர்கள் பழம் பறித்துச் சைடர் மதுவுக்குப் பிழிந்தபோதும் இங்கே மரங்கள் கல்யாணப் பெண்ணைப் போல வெள்ளையாகவே நின்றன. நாற்பத்தேழின் பனியில் ஆடுகள் நின்றபடியே செத்தன. ஒரு இதழ்கூட உதிரவில்லை.

சர் எவரார்ட் பரம்பரைப் பிரபு. ஞாயிறு சாயங்காலம் லண்டன் வானொலியில் 'வயலிலிருந்து ஒரு குரல்' அவருடையது. அவர் ஏர் பிடித்தால் சால் கோணிக்கொள்ளும். ஏரைப் பற்றிப் பேசினால் தேசம் கண்கலங்கும். மாடுகள் அத்தனையின் பெயரும் அவருக்குத் தெரியும், சமையல்காரி திருமதி டிப்பட்டை மட்டும் முந்தைய சமையல்காரியின் பெயரால் கூப்பிடுவார். அவர் எழுதிய புத்தகம் ஒன்றில் அந்தப் பக்கத்து வழக்கத்துக்குத் தனி அத்தியாயமே உண்டு: வீட்டில் சாவு விழுந்தால், வெளியில் யாருக்கும் தெரியுமுன், வாசல் சாவியால் தேன்கூட்டைத் தட்டிச் செய்தி சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் தேனீக்கள் மனத்தாங்கலோடு கிளம்பிவிடும். இதை வானொலியிலும் உருக்கமாகச் சொன்னார். பாராட்டுக் கடிதங்கள் மூட்டையாக வந்தன.

ஒரே மகன் ஹ்யூ இத்தாலியப் போர்முனையில் கொல்லப்பட்ட செய்தி, பூ நின்ற அதே மே மாதத்தில், லண்டனில் அவர் ஒலிபரப்புக்கு உட்காரும் நேரத்தில் தொலைபேசியில் வந்தது. அவர் அழவில்லை. வாற்கோதுமை பற்றிய பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மண்ணை நேசித்த மகனைப் பற்றி ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பேசினார். வைக்கோல் பக்கம் போனாலே ஹ்யூவுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும் என்பது நேயர்களுக்குத் தெரியாது. நாடே அழுதது. வீட்டுச் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி லேடி வினிஃப்ரெட்டுக்கு மகன் செத்தது வானொலிப் பெட்டி வழியாகத்தான் தெரிந்தது. மிச்சப் பட்டாணியையும் அவள் உரித்து முடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தேனீக்கள் கறுப்புக் கயிறாகக் கிளம்பி, புல்வெளியைத் தாண்டி, சாலை விதிப்படி இடப்பக்கமாகவே ஊரைவிட்டுப் போயின.

சைடர் இல்லாத மதுக்கடையில் கடுப்பு ஏறியது.

"துரை ஊருலகத்துக்கெல்லாம் சொன்னாரு, கூட்டுக்குச் சொல்ல மறந்துட்டாரே!"

"அவரு எழுதுன புஸ்தகம்தானப்பா?"

"எழுதினவருக்குப் படிக்க நேரம் ஏது?"

சர் எவரார்ட் ரயிலில் புதுத் தேனீப் பெட்டிகள் வரவழைத்தார். அவர் வரவேற்றுப் பேசியதைக் கேட்டுவிட்டு அவையும் போய்விட்டன. உதிராத பூவைப் பற்றி வானொலிக்கு இரண்டு பேச்சுகள் தேறின. பழம் பறிக்க வந்தவர்கள் வராமலானார்கள், குத்தகைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆனால் அவரை அரித்தது வேறு. மகனை நினைத்தால் வானொலியில் சொன்ன ஹ்யூதான் வந்தான், வாற்கோதுமை நடுவே சிரித்தபடி. தும்முகிற பையன் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. கூட்டுக்கு முறையாகச் சொல்லிவிட்டால் வருவானோ என்று ஒரு நப்பாசை.

பத்தாவது மே மாதத்தில் ஒரு மத்தியானம் வாசல் சாவியோடு போய்க் காலிக் கூட்டைத் தட்டினார். வாயைத் திறந்தார்.

"அன்பார்ந்த நேயர்களே," என்று வந்தது.

இன்னொரு முறை தட்டினார். "இந்தப் பூமியின் மடியில் கண்வளரும்..." என்று வந்தது. அழகான வாக்கியம். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூடையோடு வந்த லேடி வினிஃப்ரெட் நின்றாள்.

"ரெண்டே வார்த்தைதான், எவரார்ட். 'ஹ்யூ செத்துட்டான்.' அவ்வளவுதான்."

"தெரியும்."

"அதுங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் நீங்க சொல்லல. இப்ப சொல்லுங்க. கேக்கறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நிஜமாகவே நீர் கோத்தது. பிறகு குரல் தானாகக் கனிந்து, தாழ்ந்து, சரியான இடத்தில் நிறுத்தி, நேயர்களை அழைத்தது. பேச்சு கால் மணி நேரம் ஓடியது. நிகழ்ச்சி முடியக் காத்திருப்பவளைப் போல அவள் கடைசிவரை நின்றாள். முடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூ இன்றும் உதிரவில்லை. மே மாதத்தில் பர்மிங்ஹாமிலிருந்து பேருந்தில் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வீட்டுக்கு ஆப்பிள் வேண்டுமென்றால் திருமதி டிப்பட் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கி வருகிறாள்.